கடைசி வேனின் தட்டைச் சக்கரம்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டைக்குச் சற்று முன்னால், மூடிய ரயில்வே கேட்டின் முன் நின்ற பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் கிடைத்தது. எண்பத்தாறாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்.

அன்று எனக்கு எங்கும் போகவேண்டிய வேலை இல்லை. அப்போது நான் ஓசூரில் ஒரு ஃபவுண்டரியில் இருந்தேன். ரயில் பெட்டிகளுக்கு இரும்பில் பிரேக் கட்டை வார்க்கிற இடம். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்தவன். ஊரில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. கூட வேலை செய்தவர்கள் சனிக்கிழமை மாலையே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, மளிகைக் கடையில் கன்னடம். எனக்கு இரண்டும் புரியும், ஆனால் யாரும் என்னோடு பேசவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் சாய்ந்தால்கூட நான் நகர்ந்துகொள்வதில்லை.

கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் வண்டி. கடைசியாக கார்டு வேன் ரோட்டைக் கடந்தபோது அதன் சக்கரம் ஒன்று டக், டக், டக் என்று தட்டிக்கொண்டு போனது. வேனின் திறந்த மேடையில் கார்டு நின்றிருந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை, கொடியையும் பிடிக்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப்புறம் தக்காளிக் காட்டில் குனிந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள்.

அவ்வளவுதான். கேட் திறந்தது, பஸ் கிளம்பிவிட்டது. (இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

‘ஆதி ரயில் பெட்டிகளில் பிரேக் என்றால் ஒரு மரக்கட்டை, ஒரு நெம்புகோல், அதை இழுக்க ஓர் ஆள். பிறகு திருகுகிற கைச்சக்கரம் வந்தது. இன்ஜின் விசில் ஊதியதும் பிரேக் ஆட்கள் தங்கள் தங்கள் சக்கரத்தைத் திருக வேண்டும். அமெரிக்காவில் ஓடும் வண்டியின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவித் திருகினார்கள். விழுந்து செத்தவர்கள்’

இதற்குமேல் போகவில்லை. கூரைமேல் ஓடியவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஃபவுண்டரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேஸ்திரி நடத்தும் பாடம் மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களைக் கிழித்தபோது ஒரு விஷயம் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. வேக்குவம் பிரேக் வந்ததும் பெட்டிக்கு ஓர் ஆள் தேவையில்லாமல் போய்விட்டது. இன்ஜினில் இருந்தபடியே டிரைவர் எல்லாப் பெட்டிகளையும் பிடித்துவிடுவார். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசி வேனில் ஒரே ஒருவரைக் கைச்சக்கரத்தோடு விட்டுவைத்தார்கள். அவர்தான் கார்டு. அவரோடு பேசுவதற்கு அந்த வேனில் வேறு யாரும் கிடையாது.

இரண்டாவது ஆரம்பம்: ‘முனிவேல் தன் மனைவியைப் பார்ப்பதற்காக ரயிலைப் பிடித்து இழுத்தான்.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கார்டின் பெயர் முனிவேல். கல்லாவிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி நஞ்சம்மா. அவள் இப்போது ராயக்கோட்டைப் பக்கம் அண்ணனோடு இருக்கிறாள், தக்காளிக் காடு அண்ணனுடையது.

ஏன் பிரிந்தார்கள் என்பதில்தான் எனக்குப் பல நாள் போனது. ஒரு வரைவில் அவன் குடித்தான். இன்னொன்றில் ஒரு குழந்தை இறந்தது. (அடித்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு வேறு வழி தெரியாதபோதுதான் குழந்தைகள் சாகின்றன.) கடைசியில் பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூட்ஸ் கார்டு எப்போது வருவான், எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. ஓசூர் குவார்ட்டர்ஸில் அவள் சோறாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வந்தால் தூங்குவான், எழுந்தால் கிளம்புவான். ஒருநாள் அவள் துணியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஊட்ல நான் ஒருத்தியே செவுத்தப் பாத்துக்கினு இருக்கறதுக்கு எங்கண்ணன் காட்லயே இருந்துக்கறேங்க. அங்க பேசறதுக்கு மாடாவது இருக்குது.”

இந்த வரியை எழுதிவிட்டு, என் அறையின் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், லீவு போட்டுவிட்டு நேரில் போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்று. போனான். அண்ணன் சென்னகிருஷ்ணன் மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மழை வருமா என்று பேசினார். நஞ்சம்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வரவே இல்லை. அதற்குமேல் உட்கார்ந்திருக்க அவனுக்கு முகம் இல்லை, எழுந்து வந்துவிட்டான். அவள் தன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும், மறுபடி போய்க் கூப்பிடத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தான். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு பார்வைதான். இந்தக் கதைக்கு வேண்டியதும் அதுதான்.

4

ஓசூரிலிருந்து தர்மபுரி வரை பெரும்பாலும் இறக்கம். நஞ்சம்மாவின் காடு ஒரு வளைவை ஒட்டி இருந்தது. இறக்கத்தில் வந்த வேகத்தில் வேன் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும்.

அதனால் முனிவேல் வளைவு வருமுன்பே கைச்சக்கரத்தைத் திருக ஆரம்பித்தான். வேனிலேயே இருந்த வேக்குவம் பிரேக் வால்வைத் திறந்திருக்கலாம். ஆனால் வண்டி நின்றுவிடும், ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். கைப்பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.*

வேன் முனகிக்கொண்டு இழுக்கும். வண்டி துளி வேகம் குறையும். அவன் மேடைக்கு ஓடிவந்து நிற்பான். அவள் குனிந்து தக்காளி பறித்துக்கொண்டிருப்பாள், அல்லது கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள். தினமும் போகிற வண்டியை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? அடுத்த தடவை இன்னும் இறுக்கித் திருகுவான்.

ஒருநாள் இறுக்கம் அதிகமாகிவிட்டது.

* ஒரு வேனின் கைப்பிரேக்கால் முழு கூட்ஸ் வண்டியின் வேகம் குறையுமா என்று ரயில்வேயில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவன் கண்ணுக்குக் குறைந்தது.

5

இங்கே மட்டும் எனக்கு என் தொழில் உதவுகிறது. நாங்கள் வார்த்த பிரேக் கட்டை சக்கரத்தைவிட மிருதுவான இரும்பு. உரசும்போது கட்டைதான் தேய வேண்டும், சக்கரம் தேயக் கூடாது. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தின்மேல் சறுக்கும். அப்போது அது ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். பிளாட் விழுந்துவிட்டது என்போம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் தண்டவாளத்தைத் தட்டும். கேட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: யாரோ எதையோ விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

பிளாட் விழுந்த பிறகு வந்த அடுத்த நடையில், வேன் தட்டிக்கொண்டே வளைவில் திரும்பியபோது, நஞ்சம்மா நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

முனிவேல் தர்மபுரி வரை உட்காரவே இல்லை.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் கார்டுக்கென்று சொந்தமாக ஒரு வேன் கிடையாது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்து கெடுத்துவிட்டது.)

அடுத்த முறை அவனுக்கு வேறு வேன். சக்கரங்கள் நல்ல வட்டம், சத்தமே இல்லை. நஞ்சம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த முறையும் முதுகுதான். அந்தப் பார்வை தற்செயலாக வந்தது, நாமாக எதையோ கற்பனை செய்துகொண்டோம் என்று முடிவு கட்டிவிட்டான்.

அப்போதுதான் ஓசூர் ரன்னிங் ரூமில், டிரைவர்களும் கார்டுகளும் ஓய்வெடுக்கிற இடத்தில், இன்னொரு கார்டு வெங்கடப்பன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ராயக்கோட்டைகிட்ட ஒரு தக்காளிக் காடு இருக்கிறதாம். அவன் தட்டிக்கொண்டு ஓடுகிற வேனில் போகும்போதெல்லாம் ஒரு பெண் எழுந்து நின்று பார்க்கிறாளாம். வெங்கடப்பன் கை காட்டினானாம்.

“அதுவும் கை காட்டிச்சா?” என்று கேட்டான் முனிவேல்.

“எங்க? என் மூஞ்சியப் பாத்துட்டு மறுபடியும் குனிஞ்சிக்கிச்சு.”

முனிவேல் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து நின்றான். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வெங்கடப்பனையும் பார்க்கவில்லை. வேனில் முனிவேல் வருவான் என்று எழுந்து நின்று, இல்லையென்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறாள். அவன் வந்த நாட்களில் சத்தமில்லாமல் வந்திருக்கிறான். அவனுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை.

6

இன்னும் ஒரு சங்கடம் வைக்கிறேன். தட்டுகிற சக்கரத்தைப் பரிசோதகர் கவனித்துவிட்டார். வேனின்மேல் சாக்பீஸால் குறி போட்டுவிட்டார். பணிமனைக்குப் போய்ச் சக்கரத்தை லேத்தில் கடைந்துவிடுவார்கள். கடைந்துவிட்டால் வட்டமாகிவிடும், பிறகு எல்லா வேன்களும் ஒன்றுதான். அதற்கு முன் தர்மபுரி வழியாக அந்த வேனுக்கு இன்னும் ஒரே ஒரு நடைதான். முனிவேல் வெங்கடப்பனிடம் கெஞ்சி அந்த டூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டான்.

புறப்படும் முன் டிரைவர் கருப்பசாமி வண்டியின் நீளம் முழுவதும் நடந்து வேனுக்கே வந்தார். மதுரைப் பக்கத்து மனிதர். டிரைவர் யாரும் அப்படி வால்வரை நடந்து வருவதில்லை. (நானும் அவரை ஒரே ஒரு வரிக்காகத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன்.)

“ஏப்பா முனிவேலு, அந்த வளைவுல யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரில்ல இருக்கு. என்ன ஏதுன்னு நான் கேக்க மாட்டேன். இன்னைக்கு நீயாக் கைய வைக்காத, அவ்வளவுதான்.”

முனிவேல் தலையாட்டினான். விஷயம் தெரிந்துவிட்டது, எச்சரிக்கிறார் என்று நினைத்தான். இன்று கைச்சக்கரத்தைத் தொட முடியாது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் அன்று காட்டுக்கு வரவில்லை, காய்ச்சல். இது வெறும் கொடுமை. ஒன்றில் அவன் ஓடும் வேனிலிருந்து குதிக்கிறான். கார்டு வண்டியைவிட்டுக் குதிப்பானா? முனிவேல் குதிக்க மாட்டான். இன்னொன்றில் அவள் நிமிர்கிறாள், அவன் கை கூப்புகிறான், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, வருடங்கள் கழித்து அகலப்பாதை போடும்போது இருவரும்

இல்லை. இது என் வாழ்க்கை. அவர்கள்மேல் இதை ஏற்றக் கூடாது.

8

இப்போது, முதலில் சொல்லாமல் விட்டது.

தட்டும் வேன் ரோட்டைக் கடந்தது. கைகளைத் தொங்கவிட்டபடி கார்டு நின்றிருந்தார். அந்தப் பெண் நிமிர்ந்தாள். கேட்கீப்பர் கேட்டைத் தூக்க ஆரம்பித்தார். அப்போது தூரத்தில், வளைவுக்கு அப்பால், இன்ஜின் விசில் ஊதியது. மூன்று குறுவிசில். அங்கே சிக்னலும் இல்லை, குறுக்கே மாடும் இல்லை.

பல காலம் கழித்துத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டேன். கார்டு பிரேக் போட வேண்டும் என்று டிரைவர் கேட்பது அது. டிரைவரே கேட்டு பிரேக் போட்டால், பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்தான், கார்டு இல்லை. இந்தக் கதையில் பெயர்கள் பொய், கல்லாவி பொய், காப்பி பொய். அந்த விசில் மட்டும் நான் எழுதியதில்லை. வண்டியின் அந்தக் கோடியில் ஒரு மனிதர், முகம்கூடத் தெரியாத தூரத்திலிருந்து, இந்தக் கோடியில் இருந்தவருக்காக ஊதினார். எனக்காக யாரும் அப்படி ஊதியதில்லை. இத்தனை வருடம் இதை எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கார்டு தலையைத் திருப்பினார். வேனுக்குள் ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கூடை கீழே இருந்தது.

பஸ் நகர்கிறது. நான் டிக்கெட் எடுத்தது தர்மபுரிக்கு. அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வண்டி நின்றதா, அவள் என்ன சொன்னாள் என்று பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார், சீக்கிரம். நான் அன்று இறங்கவில்லை.