லூபென் தள்ளிய கல்

நெவேனா காலையிலிருந்தே நாட்காட்டிப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். மன்னிப்பு ஞாயிறு. வருஷம் தவறாமல் வந்து தொலைக்கிற நாள். மறுநாள் தவக்காலம் தொடங்கும் என்பதால், சிறியவர்கள் பெரியவர்களின் கையில் முத்தமிட்டு "மன்னிச்சுக்குங்க" என்பார்கள். பெரியவர்கள் "மன்னிச்சாச்சு, கடவுளும் மன்னிக்கட்டும்" என்பார்கள். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா என்ற பலகாரத்தை வெளுத்துக்கட்டுவார்கள். என்ன தப்பு, எப்போது செய்தாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த ஒரு வசதி போதாதா, ஒரு மனுஷி நாற்பத்தைந்து வயதுவரை தப்பித்துக்கொண்டு திரிய!

மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்குப் போகலாம் என்று ஒரு வாரமாக நச்சரித்தவள் போயானா, நெவேனாவின் தம்பி லூபெனுடைய ஆறு வயது மகள். அன்று சாயங்காலம் ஊரே அங்கே கூடி வழக்கப்படி தீ மூட்டும். அதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிட வேண்டுமாம். லூபென் முடியவே முடியாது என்றான். முப்பத்திநாலு வருஷமாக அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் அவன். கடைசியில் பெரியப்பா மகன் கன்ச்சோதான் தடியைத் தரையில் தட்டினான்.

"நானே வரேன்டா! உடைஞ்சது என் காலு. உனக்கென்ன நோவு?"

லூபென் காலணியை மாட்டிக்கொண்டான். கன்ச்சோ சொன்னால் அவன் கிணற்றில் கூடக் குதிப்பான்.

பாதையில் இன்னும் அங்கங்கே பனி கிடந்தது. கன்ச்சோ இடது காலை இழுத்து இழுத்து முன்னால் ஏறினான். லூபென் மகளின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தான்.

"அப்பா, வலிக்குது. விடுங்க!"

"ஓரத்துக்குப் போகாதே. கல்லைத் தொடாதே."

"கல்லு என்ன கடிக்குமா?" என்றாள் அந்தக் குட்டி.

கன்ச்சோ திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "விடுடா அவளை. கோட்டையைப் புடிச்ச துருக்கிப் படை கூட இவ்வளவு பயந்துகிட்டு ஏறியிருக்காது!"

லூபென் சிரிக்கவில்லை. நெவேனா அவன் பக்கத்தில் போய் நடந்தாள்.

"ஸ்டெஃப்காவுக்கு என்ன சொன்னே?"

ஸ்டெஃப்கா அவன் மனைவி. இலையுதிர்காலத்திலிருந்து கடற்கரை நகரமான வார்னாவில் வேலை. துறைமுகத்தில் அவனுக்கும் ஒரு வேலை பேசி, வீடும் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

"நாளைக்குச் சொல்லணும். வரலைன்னு சொல்லிடுவேன்."

"பைத்தியமாடா நீ? அவ எத்தனை நாள் பொறுப்பா?"

"கன்ச்சோ அண்ணனுக்கு விறகு யாரு பிளக்குறது? கிணத்துத் தண்ணி யாரு தூக்குறது? நான் உடைச்ச கால் அக்கா அது. நான்தானே பாக்கணும்?"

அவன் அதை வானிலை சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னான். நெவேனா நடையை எட்டிப்போட்டு அவனை முந்திப் போனாள்.

நடந்தது இதுதான். அதுவும் ஒரு மன்னிப்பு ஞாயிறு. அவளுக்குப் பதினொன்று, லூபெனுக்கு ஏழு, கன்ச்சோவுக்குப் பதிமூன்று. தீக்கு முள்விறகு பொறுக்கக் கன்ச்சோ மதிலுக்குக் கீழே இறங்கியிருந்தான். மேலே நின்ற அக்காவும் தம்பியும் அவனைப் பயமுறுத்துவதற்காக ஆளுக்கொரு கல்லைத் தள்ளினார்கள். யோசனை நெவேனாவுடையது. லூபென் தன் கல்லைத் தள்ளிவிட்டுக் கண்ணை இறுக்க மூடி, காதையும் பொத்திக்கொண்டான். அவனுடையது ஒரு முட்டைக்கோஸ் அளவு. பத்தடி கூட உருளாமல் முட்புதரில் சிக்கிக்கொண்டது. அவளுடையது மதிலிலிருந்தே பெயர்ந்த பெரிய கல். அதுதான் போனது. கன்ச்சோ அலறியது மலை முழுக்கக் கேட்டது.

லூபென் கண்ணைத் திறந்து, "அக்கா, என் கல்லா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. அப்பா பெல்ட்டைக் கழற்றினார், ஊர் 'கல்லுருட்டி' என்று பட்டப்பெயர் வைத்தது, பையன் ஒரு மாதம் படுக்கையை நனைத்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இவள் இருந்தாள். நாளை என்பது முப்பத்திநாலு வருஷமாக நீண்டுவிட்டது, பாவி!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. லூபென் மூவரிலும் இளையவன். ஒவ்வொரு வருஷமும் அவன்தான் கன்ச்சோவின் கையையும், பிறகு இவள் கையையும் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பான். மூத்தவள் தம்பியிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. வழக்கமே அவளுக்கு வேலியாக நின்றது.

மேலே காற்று முகத்தில் அறைந்தது. இடிந்த வாசலுக்கு உள்ளே சாயங்காலத் தீக்கு விறகை ஆளுயரம் அடுக்கியிருந்தார்கள். இவர்கள் நால்வரும் மதில் ஓரம் துணி விரித்து, பனிட்சா, அவித்த முட்டை, வெள்ளை ஹல்வா எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். கன்ச்சோ ஒரு துண்டு ஹல்வாவை நூலில் கட்டித் தடி நுனியில் தொங்கவிட்டு ஆட்ட, போயானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை வாயால் கவ்வத் துள்ளினாள். மூக்கெல்லாம் ஹல்வா. லூபென் மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து கன்ச்சோவின் முன் மண்டியிட்டான்.

"மன்னிச்சுக்குங்கண்ணா."

"அட, போன நூற்றாண்டுலயே மன்னிச்சுட்டேன்டா! ரசீது வேணுமா?" என்ற கன்ச்சோ, கேலி போதுமென்று அவன் தலையில் கைவைத்தான். "மன்னிச்சாச்சு. கடவுளும் மன்னிக்கட்டும்."

லூபென் அப்படியே அக்கா பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். விறகு பிளந்து பிளந்து காய்ப்பு ஏறிய அவன் உள்ளங்கை அவள் விரலில் உரசியது.

"மன்னிச்சுக்கோ அக்கா."

பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. எத்தனை தடவை சொன்னது! வரவில்லை. நெவேனா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அப்படியே முழங்கால் மடங்கி அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா பண்றே? நீ பெரியவ!"

"உன் கல்லு இல்லடா" என்றாள். "என் கல்லு. அண்ணன் கால்ல விழுந்தது என் கல்லு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஹல்வா ஆடிக்கொண்டிருந்த நூல் நின்றது. கன்ச்சோ தடியைக் கீழே வைத்தான். சிரிப்பதற்குத் திறந்த வாய் அப்படியே இருந்தது.

"அண்ணா, உங்ககிட்டயும்..." என்று நெவேனா திரும்பினாள்.

"என்கிட்ட எதுக்கு? காலுக்கு எப்பவோ மன்னிச்சாச்சு, யாரு கல்லா இருந்தா என்ன" என்றான் கன்ச்சோ. குரலில் கேலி துளியும் இல்லை. "ஆனா அவனுக்குப் பண்ணினதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அவனைக் கேளு."

லூபென் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ என் கல்லு எங்க போச்சு?"

"முட்புதர்ல சிக்கிக்கிச்சு. பத்தடி கூடப் போகல. நீ கண்ணை மூடியிருந்தே."

அவன் எழுந்தான். மெல்ல மதிலோரம் போய், இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தான். புதர் இருந்ததோ இல்லையோ, அவன் நெடுநேரம் பார்த்தான். போயானா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவளைத் தடுக்காமல் தூக்கி மதில்மேல் நிறுத்தி, இடுப்பை அணைத்துக்கொண்டான்.

"எவ்வளவு உசரம், பாரு!"

"அப்பா, நம்ம வீடு தெரியுது!"

மகளை இறக்கிவிட்டு, அங்கேயே நின்றபடி போனை எடுத்தான். காற்றில் கத்த வேண்டியிருந்தது. "ஸ்டெஃப்கா? வர்றோம். நானும் பாப்பாவும். ஆமா, நிஜமாத்தான். ஏன் அழுறே?"

நெவேனா இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மகளைத் தோளில் ஏற்றினான். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அவன் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை.

"லூபென்," என்றாள் நெவேனா, "பதில் சொல்லாமப் போறியே."

அவன் நின்றான். கோபத்தில் கத்துவான், திட்டுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் கோபம் கூட இல்லை. முப்பத்திநாலு வருஷத்தை எண்ணிப் பார்க்கிறவனின் களைப்புதான் இருந்தது.

"ஒவ்வொரு வருஷமும் என் பக்கத்துல நின்னுதானே பாத்துக்கிட்டு இருந்தே" என்றான். "அடுத்த வருஷம் கேளு அக்கா. அதுவரைக்கும் அண்ணனுக்கு விறகு நீ பிள."

சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினான். தோளில் போயானா ஏதோ ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டே போவது கேட்டது.

கன்ச்சோ தடியை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. இத்தனை வருஷமும் அவனைத் தூக்கிவிட்ட கை பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நெவேனா எழுந்து போய், அவன் அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். அவன் இவ்வளவு கனம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"மெதுவா" என்றான் கன்ச்சோ. "இறங்குறதுதான் வலிக்கும்."