மதனி வீட்டுக் கோழி

லம்வாகா வீட்டில் தங்க வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் லன்யேரோ என்று பெயர் வைத்தார்கள். சிரிக்கிறவள் என்று அர்த்தம். பெயர் சும்மா வரவில்லை. கேழ்வரகுக் களியைக் கையால் உருட்டத் தெரியாமல் மடியில் கொட்டிக்கொண்டு சிரிப்பாள். ஆட்டுக்குட்டி பாவாடையைக் கடித்தாலும் சிரிப்பாள். ஹாலந்திலிருந்து ஒரு வருஷம் சம்பளம் வாங்காமல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தர வந்தவள். வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

லம்வாகா ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம். பிள்ளைகள் நாலும் தலைநகர் கம்பாலாவில். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. முதல் வாரமே அந்தப் பெண்ணை முற்றத்தில் நிறுத்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக் கூவக் கற்றுக்கொடுத்தாள்.

"இங்க பாரு பொண்ணே. பாம்பு வந்தாலும் சரி, தீப்பிடிச்சாலும் சரி, திருடன் வந்தாலும் சரி, போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்காத. வாய்ல கையைத் தட்டிக் கூவு. கேட்டவன் எவனா இருந்தாலும் கையில கெடச்சதை எடுத்துக்கிட்டு ஓடி வரணும். வராதவன் திருடனோட கூட்டாளின்னு அர்த்தம்."

"எல்லாரும் வருவாங்களா, அம்மா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவன் எச்சில் கையோட வருவான். எங்க, கூவு பாப்போம்."

லன்யேரோ கூவினாள். லம்வாகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்குப் பூனைதான் வரும். அடிவயித்துல இருந்து கூவுடி."

வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஊரில் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை எவள் உட்கார்ந்து விளக்குவாள்?

அந்த நேரத்தில் ஊரே கொதித்துக் கிடந்தது. புதுத் தார்ச்சாலை வந்ததிலிருந்து மாடும் ஆடும் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. சாலையோரம் பைக் வாடகைக்கு ஓட்டும் பையன்கள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள், எவனாவது கையில் சிக்கினால் போலீஸ் வரைக்கும் போகப்போவதில்லை என்று.

இந்த லட்சணத்தில்தான் ஒஜாரா ஊருக்கு வந்தான். லம்வாகாவின் புருஷனுக்குக் கடைசித் தம்பி. தெற்கே கரும்புத் தோட்டத்தில் ஏழு வருஷமாக வேலை. அவன் மதனி வீட்டுக்கு வந்தால் நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. நேராகப் போய் ஒரு கோழியைப் பிடிப்பான், அறுப்பான், "மதனி, தண்ணியைக் கொதிக்க வைங்க" என்பான். கொழுந்தனுக்கு மதனி வீட்டுக் கோழிமேல் அந்த உரிமை உண்டு. கேட்டுவிட்டுப் பிடித்தால்தான் அவளுக்கு அவமானம். "வந்துட்டான்யா நரி" என்று திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டுவாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். போனில் பேசும்போதெல்லாம் அவன் கேட்பது ஒன்றுதான்.

"அந்தச் சிவப்புக் கோழி இருக்கா மதனி?"

"இருக்கு. ஒனக்காகக் காத்துக் காத்துக் கெழவியாயிருச்சு."

சொல்லாமல் வந்து அசத்த வேண்டும் என்று நினைத்தான் பாவி. சனிக்கிழமை உச்சி வெயில். லம்வாகா எள்ளுக்காட்டில் அறுப்பில் இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் காட்டில். லன்யேரோ மட்டும் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முன்னால் வந்தால், முன்பின் பார்த்திராத ஆள். ஒரு கையில் தலைகீழாகத் தொங்கும் சிவப்புக் கோழி, மறு கையில் வெட்டுக்கத்தி. அவன் சிரித்துக்கொண்டே ஊர்ப் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னான். அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவன் இரண்டு அடி முன்னால் வந்தான். அவள் கூவினாள், அடிவயிற்றிலிருந்து.

காட்டில் லம்வாகாவுக்குக் கேட்டது. குரலும் தெரிந்தது. பயத்துக்கு நடுவிலும், பரவாயில்லையே, நன்றாகத்தான் கூவுகிறாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. வரப்பில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே வழக்கப்படி தானும் கூவினாள். "திருடன், விடாதீங்க" என்று அவள் போட்ட சத்தம் சாலை வரைக்கும் போனது.

அவள் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். பைக் பையன்கள், செங்கல் அறுக்கிறவர்கள், பாதிப் பேர் சாலை போட்ட பிறகு வந்து குடியேறியவர்கள். ஒஜாராவை அவர்களுக்கு எங்கே தெரியும்? கத்தியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்திருக்கிறான். ஓடினால் திருடன்தானே. கீழே தள்ளி, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள். பைக் சங்கிலி, செங்கல், உலக்கை. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஒருவன் மாற்றி ஒருவன் முறை வைத்து மிதித்தான். கீழே கிடந்தவனுக்கு முகம் என்று ஒன்று இல்லை.

லம்வாகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "எம் பொண்ணு மேலயாடா கை வச்ச?" என்று மண்வெட்டிக் கட்டையை ஓங்கி அவன் முதுகில் ஒன்று போட்டாள். அவன் உடம்பு துள்ளித் திரும்பியது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்றக் கண் அவளைப் பார்த்தது.

"மதனி" என்றான்.

அவள் அப்படியே அவன்மேல் விழுந்தாள்.

"விடுங்கடா. இது ஒஜாரா. எங்கொழுந்தன்டா."

யார் காதில் விழுகிறது? எறிந்த செங்கல் ஒன்று அவள் தோளைப் பெயர்த்தது. பைக் பையன்களில் பெரியவனான கொமாகெச் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"தள்ளு அத்தை. இந்த ரத்தத்துல ஒனக்கு ஆள் தெரியல."

"எனக்காடா தெரியல? என் வீட்டுல சோறு தின்னு வளந்தவன்டா இவன்."

அதற்குள் ஒருவன், கழுத்தில் மாட்டிக் கொளுத்த, பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தான். இன்னொருவன் பைக்கிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தான். லன்யேரோ ஓரத்தில் நின்று தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மறுபடி கூவினால் இன்னும் நாற்பது பேர் அடிக்க வருவார்களே தவிர, நிறுத்த ஒருவன் வரமாட்டான். பெட்ரோல் ஒஜாராவின் காலில் கொட்டியது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

லம்வாகா எழுந்து நின்றாள். மேல்துணியைப் பிய்த்து எறிந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"நாலு பெத்தவ நான். பாருங்கடா. ஒங்களப் பெத்த ஆத்தா வந்து நிக்கிறா, நல்லாப் பாத்துட்டுக் கொளுத்துங்க."

தாய் வயசுக்காரி தானாகத் துணியைக் களைந்து நின்றால், பார்த்தவன் குடும்பம் துளிர்க்காது. அந்த ஊரில் இதற்குப் பயப்படாத ஆம்பிளை கிடையாது. "பாக்காதீங்கடா, வெளங்காமப் போயிருவோம்" என்று கொமாகெச் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனான். தீக்குச்சி மண்ணில் விழுந்து அணைந்தது. தடியும் செங்கல்லும் போட்டது போட்டபடி கிடக்க, நொடியில் முற்றம் காலியானது. லன்யேரோ கொடியில் கிடந்த ஈரப் போர்வையை உருவிக்கொண்டு வந்து அவளைப் போர்த்தினாள்.

பிறகு லன்யேரோவே சாலைக்கு ஓடி, வந்த லாரிக்குக் குறுக்கே நின்று மறித்தாள். லாரியில் ஒஜாராவின் தலை லம்வாகாவின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் உதடு அசைந்தது.

"மதனி, முதுகுல போட்டது நீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை.

"ஆமாடா."

"நெனச்சேன். ஒங்க கை பலம்னு அண்ணன் சொல்லியிருக்கு."

அவ்வளவுதான். ஆற்றுப் பாலம் வருவதற்குள் உயிர் போய்விட்டது. எந்த அடியில் போனது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைத் தின்றது.

திங்கட்கிழமை அடக்கம். குழி தோண்ட அதே ஆட்கள்தான் வந்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? கொமாகெச் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே தோண்டினான். குழியை மூடியதும் போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். யார் அடித்தது என்றார்.

"கூட்டம் அடிச்சது சார்" என்றது ஒரு குரல்.

அவரும் தலையாட்டிவிட்டு, அடையாளம் தெரியாத கும்பல் என்று எழுதத் தொடங்கினார்.

"கூவினது நான்" என்று லன்யேரோ முன்னால் வந்தாள். லம்வாகா அவளைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினாள்.

"நீ சும்மா இரு. ஒனக்குக் கூவச் சொல்லிக்கொடுத்தவ நான். மிச்சத்தைச் சொல்லாம விட்டதும் நான்." போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க. லம்வாகா. மண்வெட்டிக் கட்டையால முதுகுல ஒரு அடி."

"ஒங்களுக்கு எதுக்கும்மா வம்பு? கூட்டத்துக்கெல்லாம் பேர் கெடையாது."

"இருக்கு. ஒண்ணு சொல்லிட்டேன். மத்த பேரை இவங்ககிட்டக் கேளுங்க."

ஒரு கூவலுக்கு நாற்பது பேர் ஓடி வந்த ஊர் அது. அன்றைக்கு ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.