கத்தாத போன்

மகிழினியின் போன் உடைந்துபோனது, கண்ணுங்களா. திருவொற்றியூர் கடையில் ஒரே கம்பெனியின் போன வருஷத்து மாடலையும் இந்த வருஷத்து மாடலையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே மாரிதான கீது தம்பி? என் வூட்டுக்காரு பழசத்தான் வெச்சிகினுகீறாரு."

"பெரிய வித்தியாசம் இல்லக்கா," என்றான் கடைக்கார அஜின்.

சட்டென்று புதுப் போன் மட்டும் அலறியது. திரையில், 'எண்ணூரில் வாயுக் கசிவு. உடனே வெளியேறவும்.'

"கவர்மென்ட் ஆபத்து எச்சரிக்கை வந்தா, சைலன்ட்ல போட்டாலும் இது கத்தும்க்கா. பழசுல அது கிடையாது."

எண்ணூர் வீட்டில் அவள் புருஷன், இரவு வேலை முடித்த அலுப்பில், போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தான். அஜினின் பழைய போனைப் பிடுங்கி அவனை அழைத்தாள்.

"எடு மாமா, எடு!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே, எண்ணூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் துணியால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.