தகவல் கொடுத்தவர்

"உங்க அப்பா எப்படி இறந்தார்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏரியில மூழ்கி," என்றேன்.

"நீச்சல் தெரியாதா?"

"தெரியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கட்டிலில் தம்பி கால்களை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான். அன்று காலை ஓட்டப் பயிற்சியில், யாரும் தொடாமலே, பாதித் திடலில் விழுந்திருந்தான். முழங்கையில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"இசிஜி சரியில்லைன்னு சொல்லலாம், சரின்னும் சொல்லலாம்," என்றார் அவர். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருந்தா இவனை விட மாட்டேன். இல்லேன்னா வெயில் மயக்கம்னு எழுதி அனுப்பிடுவேன். அப்பாவோட இறப்புப் பதிவை எடுத்துப் பாருங்க. காரணம் போட்டிருப்பாங்க."

"அடுத்த வாரம் எனக்குத் தேர்வு ஓட்டம், டாக்டர்," என்றான் தம்பி.

"முதல்ல நடக்கக் கத்துக்கோ."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்து ஊர் ஏரிக்குப் போனார்கள். பெரியப்பா மட்டும் திரும்பி வந்தார். "எல்லாத்தையும் அவர்தான் பார்த்தார். எனக்கு முகத்தை மட்டும் காட்டினாங்க. தம்பி அப்ப கைக்குழந்தை." பிறகு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "குடிச்சிட்டு இறங்கிட்டார்னு சொன்னாங்க," என்றாள். இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். எழுத்தர் மூன்றாவது ஆளையும் அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கவனித்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமா சொல்லும்மா."

சொன்னேன். விலாசத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க அப்பா இங்க இல்லையே."

"நாங்க இந்த ஊர்தான், சார்."

"இருந்த ஊரு யாருக்கு வேணும்? செத்த ஊருல போய்த் தேடு. செத்த இடத்துலதான் பதிவு." திரையை மறுபடி பார்த்தார். "இதே விலாசத்துல ஒரு பொண்ணு இருக்கா. கல்யாணம் ஆகாத பொண்ணு. குளியலறையில வழுக்கி விழுந்து. உங்களுக்கு யாரு?"

என் அத்தை. அப்பாவின் தங்கை. அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீட்டில் அவளுடைய படம்கூடக் கிடையாது. இறந்தபோது அவளுக்கு என் வயதுதான்.

"அதுக்கும் ஒரு நகல் குடுங்க," என்றேன்.

"வந்ததும் வந்தே, இன்னும் யாராவது இருக்காங்களா? மொத்தமா தேடிடலாம்," என்று அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் முகத்தில் அந்தத் தாளை விட்டெறிந்திருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறினேன். அப்பா அங்கே இருந்தார். அவருடைய வயது, அம்மாவின் பெயர், ஏரியின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. காரணம், நீரில் மூழ்கி. மருத்துவர் சான்று என்ற இடத்தில் ஒரு கோடு. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் பெரியப்பா.

இரண்டு நகல்களையும் பேருந்து இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தைக்கும் மருத்துவர் இல்லை. அத்தைக்கும் தகவல் கொடுத்தவர் பெரியப்பாதான். நான் படிக்கும் மருந்தியல் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது இது: அளவு எடுத்தவன் யார் என்று பார்க்காமல் அளவை நம்பாதே. அரசாங்க முத்திரைக்குக் கீழே இருந்தது பெரியப்பா சொன்ன கதை. அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்குப் போகாமல் அவர் கடை இருக்கும் நிறுத்தத்தில் இறங்கினேன்.

பெரியப்பா கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. மேசை மேல் கம்பளம் விரித்து, கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தியதும் துண்டு சுத்தமாகப் பிரிந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் சுவரோரம் காத்திருந்தார்.

"வாம்மா. தம்பி எப்படி இருக்கான்? வெயில்ல ஓடாதேன்னா கேட்டாத்தானே."

"பெரியப்பா, அப்பா குடிச்சிருந்தாரா?"

அவர் கை நிற்கவில்லை. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"டாக்டர் கேக்கறாங்க."

"குடிச்சிருந்தான்."

"அத்தை?"

"வழுக்கி விழுந்தா. அதுவும் டாக்டர் கேட்டாங்களா? வேற வேலை இல்லையா அவங்களுக்கு?"

"தலையில காயம் இருந்துச்சா?"

அவர் அடுத்த கண்ணாடியைக் கம்பளத்தில் கிடத்தினார். வீட்டுப் பக்கத்துக் கதவில் பெரியம்மா ஈரக் கையோடு நின்றிருந்தாள். "காயமா? ஒரு கீறல்கூட இல்லையே," என்றாள். "கடைசியா குளிப்பாட்டினது நான்தான்."

"நீ உள்ள போ," என்றார் பெரியப்பா.

மேசை ஓரத்தில், கண்ணாடி அறுக்கும் கருவிக்குப் பக்கத்தில், மாத்திரை அட்டை கிடந்தது. அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் கையில் எடுத்துப் படித்தேன்.

"இது எதுக்கு சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு."

"உங்க பிரஷர் எவ்வளவு?"

பிரஷர் உள்ளவர்கள் அதை யார் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பெரியப்பா அளவுகோலைத் துடைத்தார்.

"உப்பு பத்தலைன்னு தினமும் தட்டைத் தள்ளுற மனுஷனுக்குப் பிரஷராம்," என்றாள் பெரியம்மா. "நானும் இத்தனை வருஷமா கேக்கறேன், எந்த டாக்டர்னு."

"இது இதயத் துடிப்புக்கும் குடுக்கற மாத்திரை, பெரியம்மா. அத்தை போனதும் பெரியப்பா பயந்து போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருப்பார். அவங்க வீட்டுல எல்லாரையும் சோதனைக்கு வரச் சொல்லியிருப்பாங்க. இவர் யாரையும் கூட்டிட்டுப் போகலை." இது என் ஊகம்தான். ஆனால் சொன்னதும் அவர் முகம் மாறியதில் அது ஊகமாக இல்லாமல் போனது.

"மெதுவா பேசு," என்றார். "ஆள் நிக்கறாங்க."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"உங்க அப்பனுக்கு அப்ப பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? நான் வாயைத் திறந்திருந்தா உங்க அம்மா இந்த வீட்டுக்கு வந்திருப்பாளா? நீ பொறந்திருப்பியா? பேச வந்துட்டா!"

நான் பிறந்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

"கல்யாணத்துக்கு முன்னால சொல்லலை, சரி. பின்னால? நான் பொறந்தப்புறம்? ஏரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜன்னல்காரர் சுவரை விட்டு நகர்ந்தார். "நீங்க இறங்கினீங்களா தண்ணியில?"

"எனக்கு டாக்டர் நீந்தக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

அவர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு எழுந்து போய், அப்பா மூழ்கிவிட்டார் என்று எழுத வைத்திருக்கிறார், குடித்திருந்தார் என்று ஊருக்கும் சொல்லியிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட வந்து நீங்களே சொல்லுங்க," என்றேன். "உங்க வாயால."

"வர மாட்டேன். அடுத்த மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம். உன்னால அது கெட்டுச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்?"

கேட்டது நானில்லை, பெரியம்மா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். என்னிடம் திரும்பி, "இது பிள்ளைங்களுக்கும் வருமா?" என்றாள்.

"பாதிக்குப் பாதி, பெரியம்மா."

அவள் அவரைப் பார்த்தாள். "நம்ம பொண்ணைக் காட்டினீங்களா?"

அவர் கம்பளத்தில் கிடந்த கண்ணாடிப் பொடியை விரலால் ஒதுக்கினார்.

"கடையை மூடுங்க," என்றாள் பெரியம்மா. ஜன்னல்காரரைப் பார்த்து, "நீங்க நாளைக்கு வாங்க. நாளைக்கும் திறக்கலேன்னா வேற கடைக்குப் போங்க," என்றாள்.

டாக்டரின் அறையில் பெரியப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். எந்த ஆஸ்பத்திரி, என்ன சொன்னார்கள், என்னென்ன கூடாது என்றார்கள், எல்லாமே அவருக்கு நினைவிருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். தம்பியை அன்றே சேர்த்துக்கொண்டார். மாத்திரை உடனே ஆரம்பிக்க வேண்டும், ஓட்டம் இனி கிடையாது என்றார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பெரியப்பா அவன் முதுகைத் தொடக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

அம்மா கதவோரம் நின்றபடியே கேட்டாள்.

"அவர் குடிக்கவே இல்லையா, மாமா?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா விடவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். என் புருஷன் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"வெளியில போங்க," என்றாள் அம்மா.

அவர் எழுந்தார். டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து, "கொஞ்சம் இருங்க, உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, "கீழதான் நிக்கறா, டாக்டர். நானே கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள்.