துரை திறந்து வைத்த பீலி

கல்தொட்டித் தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்து வீட்டு வரிசையான பணிய லயத்துக்குத் தண்ணீர் வந்த கதை வேடிக்கையானது. லயத்துச் சனங்கள் வருஷக்கணக்காகத் தண்ணீர் பிடிக்க ஒரு பீலி கேட்டார்கள். தோட்டம் மனம் இரங்கவில்லை. கடைசியில் லயத்துக்கு மேலே இருந்த தொழிற்சாலைக் குளத்தின் மண்கரைதான் இரங்கிற்று. டயகமப் பக்கம் விடாமல் பெய்த ஒரு மழைக்குப் பிறகு, கரையின் அடியில் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்தது. வேறு இடமாக இருந்தால் கரையில் ஓட்டை என்று பயந்திருப்பார்கள். கல்தொட்டியில் அதற்குள் ஒரு தகரத்தை வளைத்துச் சொருகி, பீலி என்று பெயர் வைத்தார்கள். துரையே மாலை போட்டுக்கொண்டு வந்து முதல் குடத்தைப் பிடித்துக் கொடுத்தார். தொழிலாளருக்குச் செய்து கொடுத்த வசதி என்று சீமையில் இருக்கும் கம்பெனிக்குக் கடிதமும் போயிற்று. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழு வருஷத்துக்குள் பணிய லயத்துக்குத் தண்ணீர் வந்ததே பெரிது என்று சனங்கள் தேங்காய் உடைத்தார்கள்.

பேச்சியம்மாவும் ஒரு தேங்காய் உடைத்தவள்தான். லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது. அதற்கும் கரைக்கும் நடுவே அந்தப் பீலியைத் தவிர வேறொன்றும் கிடையாது. மகள் நாகலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக அங்கே இருந்தாள். மகளுக்கு வெந்நீர் வைக்கத் தண்ணீர் பிடித்த ஒரு காலையில்தான் பேச்சியம்மா கவனித்தாள். கண்ணாடியாக வந்துகொண்டிருந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. குடத்தைச் சாய்த்தால் அடியில் ஒரு கை மண். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மழையே இல்லாதபோது இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது என்று யோசித்தவள் கரையை நிமிர்ந்து பார்த்தாள். கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் வைத்து, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கணேசமூர்த்தியிடம் சொன்னாள். தேயிலை நட்ட மண்ணுக்குத்தான் தாம் பொறுப்பு, குளம் தொழிற்சாலையைச் சேர்ந்தது என்று அவர் விளக்கினார். தொழிற்சாலைக்குப் போனாள். டீமேக்கர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்த மனுஷர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிசினைச் சுழற்றுகிற தண்ணீர்தான் தம்முடையது, அதைத் தாங்கி நிற்கிற கரை தம்முடையது அல்ல என்றார். மதகைத் திறந்து குளத்தைக் கொஞ்சம் இறக்கக் கூடாதா என்று அவள் கேட்டாள்.

"கொழுந்து குவிஞ்சு கிடக்கிற நேரத்தில மிசினை நிப்பாட்டச் சொல்லுறியோ? வருசா வருசம் துரையே கரையைப் பாத்துக் கையெழுத்து வைக்கிறவர்தானே," என்றார் அம்பலவாணர்.

துரை பார்ப்பது உண்மைதான். கரை மேல் நாற்காலி போட்டு, தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அரசாங்கத்து ஆட்கள் பார்க்கமாட்டார்களா என்றால், அது தனியார் குளமாம். தோட்டத்துக் கையெழுத்தே போதுமாம். தன் முதுகில் அழுக்கில்லை என்று தானே சான்று கொடுக்கிற ஏற்பாடு. லயத்துச் சனங்களோ அதற்கும் மேலே போனார்கள். கலங்கலாக வந்தால் துணியில் வடிகட்டிக்கொள், சாமி கொடுத்த தண்ணீரைக் குறை சொல்லாதே என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மகளைப் பொகவந்தலாவையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காவது அனுப்பலாம் என்றால், அந்தப் பாதையில் பஸ் குலுங்குகிற குலுக்கலில் பிள்ளை பாதி வழியிலேயே பிறந்துவிடும்.

அந்தக் குளத்தில் துரை சீமைமீன் வளர்த்தார். கப்பலில் முட்டையாக வந்து இறங்கிய சாதி. லயத்துச் சனங்களிடம் கேட்டதுபோல அவற்றிடம் யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. அதில் ஒன்றைத் தொட்டவனுக்குப் பத்துச்சீட்டு நிச்சயம். வேலையும் போய்க் காம்பராவும் போய்த் தெருவில் நிற்க வேண்டியதுதான். பேச்சியம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது குளத்தில் இறங்கி, ஓரத்துத் தண்ணீரில் முந்தானையை விரித்து, போன மாதம் விட்ட குஞ்சுகளில் விரல் நீளத்தில் ஒன்றை அள்ளிக் குடத்தில் போட்டாள். குடத்தோடு நேரே துரையின் பங்களாவுக்கு நடந்தாள்.

"பீலித் தண்ணியில வந்திச்சுங்க தொரை. காலையிலேருந்து இது மூணாவதுங்க," என்றாள்.

துரை குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது. முப்பது குடும்பத்துக்காக ஒரு அங்குலம் நகராத தோட்டம், ஒரு மீன்குஞ்சுக்காக ஓட்டமாய் ஓடியது. மிசின் நின்றது, மதகு திறந்தது. குளம் தம் பொறுப்பல்ல என்றிருந்த கண்டாக்கையா முழங்கால் சேற்றில் இறங்கி வலை பிடித்தார். தண்ணீர் இறங்க இறங்க, கரையின் உட்புறத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. குடத்தையே உள்ளே தள்ளிவிடலாம். பேச்சியம்மா சொன்ன பொய் உண்மையைவிடச் சின்னதாகப் போய்விட்டது. அம்பலவாணர் அதைப் பார்த்தார், பிறகு கீழே லயத்தைப் பார்த்தார். இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது என்று மெல்லச் சொன்னார்.

ஓட்டையை அடைத்துக் கரையை இறுக்கினார்கள். மீன்களைக் காப்பாற்றியதற்காகக் கண்டாக்கையாவைத் துரை கைகுலுக்கிப் பாராட்டினார். பீலி நின்றுபோயிற்று; தகரம் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. பணிய லயத்துப் பெண்கள் பழையபடி குடத்தோடு அரை மைல் மேடேறி ஓடைக்குப் போனார்கள். போகும்போதும் வரும்போதும் கடைசிக் காம்பரா வாசலில் நின்று, வந்த தண்ணீரில் மண்ணைப் போட்ட சிறுக்கி என்று பேச்சியம்மாவை ஏழு தலைமுறைக்கும் இழுத்துத் திட்டினார்கள்.

உள்ளே நாகலெட்சுமி பத்து நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறாய் என்று தாயிடம் கோபப்பட்டாள். பேச்சியம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"திட்டட்டும்டி. திட்டுறதுக்கு எல்லாரும் இருக்காங்கள்ல," என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள்.