பரவாயில்லைக்கு மேலே ஒன்றும் இல்லை

ஜெரால்ட் சார் வாயிலிருந்து ஒரு பாராட்டை வாங்குவது கடைமடைக்குத் தண்ணீர் வாங்குகிற மாதிரி. வரும், வராமல் போகாது. ஆனால் வருவதற்குள் பயிர் பாதி காய்ந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற சாலையில், இரண்டு பக்கமும் வயலை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு கல்லூரியில் அவர் ஆங்கிலத் துறைத் தலைவர். நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் யாருக்கும் மார்க் போட்டதில்லை. ஐம்பத்தெட்டு வாங்கிய பையன் அன்றைக்கு ஹாஸ்டல் முழுக்க டீ வாங்கிக் கொடுப்பான். மிச்சம் நாற்பத்திரண்டு எங்கே சார் என்று ஒருத்தன் துணிந்து கேட்டதற்கு, அது இங்கிலீஷ்காரனுக்கே கிடைக்காது, நீ எதுக்கு அலையறே என்றாராம்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி மரியபுஷ்பம் வைக்கிற மீன் குழம்புக்குத் தெருவே மூக்கை நீட்டும். சார் மூன்றாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டு, தட்டை வழித்துவிட்டு, "சாப்பிடலாம்" என்பார். கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் இதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த சாரின் தம்பி, தன் அம்மா வைத்த குழம்பை "உப்பு சரியா இருக்கு" என்று சொல்லப்போக, அதை மாமியார் ஏதோ மெடல் வாங்கின மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. "சாப்பிடலாம்" என்றால் பிரமாதம். "பரவாயில்லை" என்றால் அதற்கு மேலே வானம்தான். அந்தப் "பரவாயில்லை"யை சார் ஆயுளில் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறார். ஒன்று, தரங்கம்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்கன் வாசித்த ஒரு பெரியவருக்கு. இன்னொன்று, மகள் பிறந்தபோது துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு. இந்த இரண்டு சம்பவமும் கல்லூரியில் ஆபீஸ் பியூன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கமே அப்படித்தான். களத்தில் நெல் குவிந்து கிடக்கும். விளைச்சல் எப்படி என்று கேட்டால், "ஏதோ, விதைக்குத் தேறும்" என்பார்கள். நிறைய என்று சொன்னால் கண் பட்டுவிடும். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும்; "எங்கே, சாப்பிடவே மாட்டேங்கறான்" என்பார்கள். கேட்கிறவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே? விதைக்குத் தேறும் என்றால் வீட்டில் மூட்டை அடுக்க இடமில்லை என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். சொல்கிறவர் குறைத்துச் சொல்ல, கேட்கிறவர் ஏற்றிக் கேட்க, வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊருக்குள் உலகம் வந்தது. நேற்றுவரை நாற்று நட்ட வயலில் எஞ்சினியரிங் காலேஜ் முளைத்தது. காம்பவுண்டுச் சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே ஆசியாவில் முதலிடம் என்று போர்டு எழும்பியது. பரோட்டாக் கடை உலகத்தரம் ஆனது. முடிவெட்டுகிற கடை இன்டர்நேஷனல் ஆனது. மூக்கைச் சிந்தத் தெரியாத பிள்ளைகள் படிக்கிற நர்சரிப் பள்ளி குளோபல் ஆனது. ஜெரால்ட் சார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் போர்டுகளையெல்லாம் படித்துப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வார். உலகத்திலேயே சிறந்தது என்று சொல்ல உலகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா, இவன் நாச்சியார்கோவிலைத் தாண்டினதில்லையே என்பது அவர் கேள்வி. ஆங்கிலத்தில் ஒன்றை அளந்து சொல்ல வெள்ளைக்காரன் எத்தனை படி வைத்திருக்கிறான், ஃபேர்லி, க்வைட், ராதர், வெரி என்று ஒவ்வொன்றாக ஏறவேண்டாமா, எல்லாரும் லிஃப்டில் போனால் எப்படி என்று வகுப்பில் பொரிந்து தள்ளுவார். சாருக்கு அந்த ஏணியில் இரண்டாவது படியிலேயே தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

அவருக்குப் பக்கத்து மேஜை பிரகதாம்பாள் மேடம். திருப்பனந்தாள் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா அமிர்தலிங்கம், "விதைக்குத் தேறும்" கட்சியில் மூத்த ஆள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மேடம் வகுப்பு போக மிச்ச நேரத்தில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதைப் பற்றி, நடவுக்கு வருகிற பெண்கள் பேசிக்கொள்வதைப் பற்றி. அதில் ஒன்றை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று போட்டது. சார் அந்தப் பத்திரிகையை வாங்கி ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "அச்சுப்பிழை இல்ல" என்றார். மேடம் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அதே மண், அதே கணக்கு, புரியாமலா போகும்?

உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டுரையைப் படித்த அன்றைக்கு சார் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. அவரும் இளவயதில் எழுதிப் பார்த்தவர்தான். எழுதி, அடித்து, கிழித்து, கடைசியில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிற வேலையே போதும் என்று உட்கார்ந்தவர். அந்தக் கட்டுரையில், மதகு திறந்து முதல் தண்ணீர், காய்ந்து வெடித்த வாய்க்காலுக்குள் ஊர்ந்து வருகிற இடம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பத்தி. ஏழு ஜென்மம் எடுத்தாலும் தன்னால் அதை எழுத முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வாயைத் திறந்து சொல்கிற பழக்கம்தான் இல்லை.

அந்த வருஷம் ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம், எழுதுகிறவர்களை அழைத்து ஒரு வருஷம் தங்கவைத்து எழுதச் சொல்கிற திட்டம் ஒன்றை அறிவித்தது. நாற்பது வயதுக்குள் இருக்கவேண்டும். மேடத்துக்கு வருகிற தை மாதம் நாற்பது. போய்விட்டு வா, பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கணவரும் சொல்லிவிட்டார். கல்லூரி நிர்வாகமும் லீவு தருகிறேன் என்று சரித்திரத்திலேயே முதல் தடவையாகச் சொன்னது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். பாதியில் நிற்கிற அவர் புத்தகம் விடைத்தாள் கட்டுகளுக்கு அடியிலேயே கிடந்து மக்கவேண்டியதுதான். துறைத் தலைவர் பரிந்துரை ஒன்று வேண்டும் என்று படிவம் ஜெரால்ட் சாரிடம் வந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி. உங்களுக்குத் தெரிந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவருடைய எழுத்து எப்படி? எதிரே ஐந்து கட்டம். சராசரி, நன்று, மிக நன்று, மிகச் சிறப்பு, நான் அறிந்தவற்றிலேயே தலைசிறந்தது. சார் ஆடிப்போனார். ஐந்தாவதில் டிக் போடுகிறவன் ஒன்று பொய்யனாக இருக்கவேண்டும், இல்லை தேர்தலில் நிற்கிறவனாக இருக்கவேண்டும். நாலாவது, செத்து நூறு வருஷம் ஆனவர்களுக்கு. மூன்றாவதில் பேனாவை வைத்தார்; மேடத்துக்கே கூச்சமாக இருக்குமே என்று எடுத்துவிட்டார். இரண்டாவதில் போட்டார். கீழே கடிதத்துக்கு விட்டிருந்த இடத்தில், இவருடைய ஆங்கிலம் பெரும்பாலும் பிழையற்றது, பலரைவிட ஓரளவு மேலாகவே எழுதுகிறார், கொஞ்சம் வெளியிட்டும் இருக்கிறார் என்று எழுதினார். படித்துப் பார்த்தால் பயமாக இருந்தது. ரொம்பத் தூக்கிவிட்டோமோ? அந்த "மேலாகவே"யை அடித்துவிடலாமா என்று யோசித்து, போகட்டும், நல்ல மனுஷி என்று விட்டுவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், இன்றைக்கு ஒருத்தரை வாயாரப் புகழ்ந்திருக்கிறேன் என்று மரியபுஷ்பத்திடம் சொன்னார்.

சில வாரத்தில் மேடத்துக்கு மெயில் வந்தது. உங்கள் எழுத்து எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பரிந்துரைத்தவருக்கு உங்கள்மேல் ஏதோ மனக்குறை இருப்பதாகத் தெரிகிறது. விரும்பினால் மாதக் கடைசிக்குள் புதிய பரிந்துரை ஒன்றை அனுப்பலாம். மேடம் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து சார் மேஜையில் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியும் சார்," என்றார். "அவங்க நம்ம ஊர்ல பொறக்கலையே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மனக்குறையா? யாருக்கு? எனக்கா? சார் அன்றைக்குப் பூராவும் குதித்தார். தமிழனுக்குத்தான் ஆங்கிலம் தெரியவில்லை என்றால் ஆங்கிலேயனுக்குமா தெரியவில்லை என்று ஆற்றாமையாக இருந்தது. வேறு யாரிடம் வாங்குவது? பிரின்சிபால் இருக்கிறார், அவருக்கு மேடத்தின் பெயரே சரியாகத் தெரியாது. மரியபுஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தார். நீங்க சொல்றதை நான் இத்தனை வருஷமா அர்த்தம் பண்ணிப் பண்ணிக் குடும்பம் நடத்திட்டேன், அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டார். நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததால ஒரு பொம்பளை வாழ்க்கை போச்சுன்னு நாளைக்கு ஊர் பேசும், போய் ஒழுங்கா நாலு வார்த்தை எழுதிட்டு வாங்க என்றார். சார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாப்பிடலாம்" என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் சார் போனது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லியாகத் அலியின் நெட் சென்டருக்கு. ஊரில் பாதிப் பேரை விமானத்தில் ஏற்றிவிட்டது அந்தக் கடைதான். லியாகத் அலி சாரிடமே எம்.ஏ. படித்து நாற்பத்தொன்று வாங்கியவன். பரிந்துரைக் கடிதங்களைச் சாதா, ஸ்பெஷல், ஸ்பெஷல் ஸ்பெஷல் என்று மூன்று தினுசில் தயாராக வைத்திருந்தான். ரெஜின் என்று ஒரு பையன், லீவு லெட்டரையே பார்த்து எழுதினவன், அவனுக்காகப் போட்ட கடிதத்தை லியாகத் அலி திறந்து காட்டினான். இந்தத் தலைமுறையின் ஈடு இணையற்ற எழுத்தாற்றல் என்று போட்டிருந்தது. அதே தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கும் அதே ஈடு இணையற்ற எழுத்தாற்றல் இருந்தது. எல்லாரும் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அங்க படிக்கறவன் ரெண்டு படி இறக்கித்தான் சார் படிப்பான்," என்றான் லியாகத் அலி. "அதனால நாம ரெண்டு படி ஏத்திக் கொடுக்கணும். நம்ம ஊர் விளைச்சல் கணக்குக்கு நேர் எதிர், அவ்வளவுதான்."

மேடத்துக்கு ஸ்பெஷல் ஸ்பெஷலையே தட்டி எடுத்துக் கொடுத்தான். உலக இலக்கியத்தின் விடிவெள்ளி என்று ஆரம்பித்தது. சார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார், மூடினார். புகழ்ச்சி கூடிப்போனது என்பதில்லை, ரெஜினுக்குத் தைத்த சட்டையை மேடத்துக்குப் போட்டுவிடுவதா என்று பற்றிக்கொண்டு வந்தது. லியாகத் அலியை டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். ஃபேர்லி என்று அடித்தார், அழித்தார். க்வைட் என்று அடித்தார், அதையும் அழித்தார். எல்லாப் படியையும் எடுத்துவிட்ட பிறகு மூன்று வரிதான் மிஞ்சியது. இவர் என்னைவிட நன்றாக எழுதுகிறார். இவருடைய ஒரு பத்தியை என்னால் வாழ்நாள் முழுக்க முயன்றாலும் எழுத முடியாது. இதை நான் இன்றுவரை இவரிடம் சொன்னதில்லை.

புதுப் படிவத்தில் ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டார். கண் கலங்கி, கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்த லியாகத் அலி, ஏசியைக் குறைக்கட்டுமா சார் என்று கேட்டான். குறை என்றார்.

மேடத்துக்குக் கிடைத்துவிட்டது. அசோகா அல்வா டப்பாவோடு வந்து ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கொடுத்தார். மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு சாருடைய மேஜைக்கு வந்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மாள் போன் பண்ணியதாகவும், சாருடைய கடிதத்தில் ஒரு வரியை வாசித்துக் காட்டியதாகவும் சொன்னார்.

"நீங்க உங்களைவிட நான் நல்லா எழுதறேன்னு போட்டிருக்கீங்களாம்," என்று சிரித்தார். "நீங்க நெட் சென்டர் போனீங்கன்னு கேள்விப்பட்டேன் சார். லியாகத் பாய் எழுதினதுதானே?"

சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. இல்லை, நான் எழுதினது என்று ஒரு வார்த்தை வராதா என்று அந்தக் கண் கேட்டுக்கொண்டிருந்ததை சாரும் பார்த்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். காகிதத்தில் வந்தது எதிரே ஆள் நிற்கும்போது வரவில்லை. பாவம், என்ன செய்வார்? கையிலிருந்த அல்வாவைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "பரவாயில்லாம எழுதியிருக்கான்."

மேடம் சரி சார் என்று திரும்பி நடந்தார். கதவுக்கு முன்னால் அப்படியே நின்றார். பரவாயில்லையா? ஆர்கன் வாசித்த பெரியவருக்கும் பெற்ற மகளுக்கும் சொன்ன வார்த்தையா? நாற்பத்தொன்று வாங்கின லியாகத் அலிக்கா? திரும்பிப் பார்த்தால் சார் தலையைக் குனிந்துகொண்டு, விடைத்தாள் கட்டில் என்னவோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவரும் "விதைக்குத் தேறும்" அமிர்தலிங்கத்தின் மகள் அல்லவா? திரும்ப வந்து மிச்சமிருந்த அல்வாவை டப்பாவோடு அப்படியே சார் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"எனக்கு சுகர் மேடம்," என்றார் சார், தலையை நிமிர்த்தாமலே. "இவ்வளவு எதுக்கு?"

"எங்க சார், ஏதோ கொஞ்சம்," என்றார் மேடம்.