அகலமா, ஒல்லியா?

கல்யாணமான புதிதில் ஒரு பெண் புருஷனோடு என்னென்னவோ பேச ஆசைப்படுவாள். எனக்கு வாய்த்தவர் பலகையைப் பற்றிப் பேசினார்.

பொன்ராஜ் என்று பெயர். வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தப்பில்லை. பட்டாளத்தில் இருந்தார், அதுவும் காஷ்மீரில். சீனாக்காரனோடு சண்டை வந்த பிறகு, பனிமலையில் ஓடியாடத் தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று இவரையும் சறுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் நீளமான இரண்டு மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். ஸ்கீ என்று பெயராம். வத்தலக்குண்டு வெயிலில் உட்கார்ந்து இதைக் கேட்ட என் அய்யா, "இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாகளா?" என்றார்.

அறுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி லீவில்தான் எங்கள் கல்யாணம். திரும்பிப் போனதும் அவருக்கு ஒரு பரீட்சை இருந்தது. பாதை போட்ட கெட்டிப் பனியில் இல்லை. யாரும் கால் வைக்காத, புதிதாய் விழுந்த பொலபொலப்பான பனியில் மலை இறங்க வேண்டும். தேறினால் அங்கேயே வாத்தியார், இன்னும் சில வருஷம். பெண்டாட்டியைக் கூட்டிப்போக முடியாது. தேறாவிட்டால் நம் பக்கத்து மலையிலேயே இருக்கும் வெலிங்டன் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குடும்பத்துக்கு வீடு உண்டு.

அவர் தேறக் கூடாதென்று கருப்பசாமிக்கு நேர்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, பட்டாளத்துக்காரனுக்கு எதிராக நேர்ந்தால் கருப்பசாமி என்னையே அரிவாளோடு துரத்துவார் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கான பலகையை அவரவரே ஸ்டோரில் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஒல்லிப் பலகை சிட்டாய்ப் பறக்கும், நினைத்த பக்கம் திரும்பும். அகலப் பலகை கனம். திருப்புவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

"பாக்கவே பரம்புக்கட்ட மாதிரி இருக்கும் புள்ள. அதத் தூக்குனா, மாடு எங்கேன்னு கேலி பண்றாய்ங்க" என்றார்.

பரம்புக்கட்டை என்றால் வயலில் மாடு இழுக்கும் கட்டை. வயலை விட்டுப் பட்டாளத்துக்கு ஓடியவரல்லவா, ரோஷம். போன பனிக்காலத்தில் ஒல்லியைத்தான் எடுத்திருக்கிறார்.

"ஒல்லியவே எடுங்க, அதான் ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றேன் முறுக்கைக் கடித்தபடி. ஆள் வாட்டசாட்டம். தொளிச் சேற்றில் வளர்ந்த எனக்கா தெரியாது, இந்தக் கனத்துக்கு ஒல்லிப் பலகை பொலபொலப்பில் அமிழ்ந்துபோகும் என்று? அமிழ்ந்தால் வெலிங்டன்.

மறுநாள் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கூடவே வந்தார். நடவுக்காக உழுது சேறாக்கிய தொளியை அய்யா பரம்படித்துச் சமன் செய்துகொண்டிருந்தார். மாட்டின் பின்னால் கட்டிய அகலக் கட்டையில் ஏறி நின்றபடி போவதுதான் பரம்படிப்பு. இவருக்குக் கண் மின்னியது. வாய்க்காலைக் கடக்கப் போட்டிருந்த ஒல்லிப் பலகையை உருவிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிவிட்டார்.

புது மாப்பிள்ளை மாமனார் வயலில் கால் வைக்கலாமா? அய்யா பதறிப்போனார். "வரப்புல ஏறுங்க மாப்ள! மருமகன வேல வாங்குறேன்னு ஊரே காறித் துப்பும்!"

யார் கேட்டது? பலகையை மாட்டில் கட்டி ஏறி நின்றார். மாடு நகர்ந்ததும் பலகை முனை சேற்றுக்குள் குத்தியது. மாப்பிள்ளை குப்புற விழுந்தார்.

அடுத்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கருப்பாயி நிமிர்ந்தாள். "ஏத்தா செல்லக்கிளி, ஒம் புருசன நட்டாச்சு. களையெடுக்க எப்ப வர?"

பிறகு பரம்புக்கட்டையில் ஏறினார். அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு அது தொளிமேல் மிதந்து போனது. வயல் முழுக்கச் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாய்க்காலில் கால் கழுவும்போது மெதுவாகச் சொன்னார். "போன வருசம் எங்காளு ஒருத்தன் ஒல்லிப் பலகையில இப்பிடித்தான் குப்புறப் போனான். தல பனிக்குள்ள. தோண்டி எடுக்கச் செத்த நேரமாச்சு. உசுரு இருந்துச்சு, அம்புட்டுத்தான்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ பயந்துக்குவ. தொளி வேற, பனி வேற புள்ள. ஒல்லி எனக்குப் பழக்கம். அகலத்துல திருப்ப வராமப் போனா பெயிலு. நீயே சொல்லு, நீ சொல்றத எடுக்கேன்."

வெலிங்டன் வீட்டில் எந்தப் பக்கம் அடுப்பு வைப்பது என்பதுவரை நான் முடிவு செய்திருந்தேன். பொல்லாத ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

"அகலத்த எடுங்க. போற வரைக்கும் பரம்புல நின்னு திருப்பிப் பழகுங்க. அய்யாவ நான் பாத்துக்கறேன்."

"தேறிட்டா நீ இங்கல்ல கெடக்கணும்?"

"எனக்குத் தெரியாதா? தேறிட்டே போங்க. பக்கத்துல இல்லாட்டியும் உசுரோட இருங்க."

தை முடிவதற்குள் தேறிவிட்டார் என்று செய்தி வந்தது. அய்யா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். தின்றுகொண்டே அழுதேன்.

"சந்தோசத்துல அழுகுறா" என்றாள் கருப்பாயி.

பாதி சரிதான்.